4கே போய்விட்டது, கேஈ70-க்கு இனி எதைப் போடலாம்?

கேள்வி, தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி:

அண்ணே, 1982 டொயோட்டா கொரோலா கேஈ70 செடான். அப்பா காலத்து வண்டி. 4கே எஞ்சினில் மூன்றாவது சிலிண்டருக்கு கம்ப்ரஷன் இல்லை, மற்ற மூன்றிலும் குறைவாம். இனி போர் பண்ண (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) இடமில்லை என்று கராஜ் பாஸ் கையை விரித்துவிட்டார். வண்டியை டிரிஃப்டுக்கு (பின்பக்கத்தைச் சறுக்கவிட்டு ஓட்டுவதற்கு) மட்டும்தான் வைத்திருக்கப் போகிறேன். கூட்டாளிமார் எல்லாரும் நிஸானின் எஸ்ஆர்20 டேர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் எஞ்சின்) போடு என்கிறார்கள். நம்ம உயரத்தில் டேர்போ இல்லாத எஞ்சின் மூச்சு வாங்கும், டிரிஃப்ட் வராது என்பது அவர்கள் பேச்சு. உண்மையா?

2025 மார்ச் 2

பாதி உண்மை. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். டேர்போ இல்லாத எஞ்சின் உள்ளே இழுக்கிற காற்று அந்த அளவுக்குக் குறையும், சக்தியும் கூடவே இறங்கும். புத்தகத்தில் 100 குதிரைத்திறன் என்று போட்டிருந்தால் கிரகரி வாவிப் பக்கம் 80-ஐ எதிர்பார். ஹட்டன் 1,271 மீற்றர், அங்கே ஏழில் ஒரு பங்கு போகும். தலவாக்கலையும் ஏறக்குறைய அதே கணக்கு.

மற்றப் பாதிதான் பிழை. 80 குதிரைத்திறனில் டிரிஃப்ட் வராது என்று சொன்னவர் மழை நின்ற பிறகு தோட்டத்து மைதானத்தில் ஒரு கேஈ70 ஓட்டிப் பார்த்ததில்லை. வண்டி ஒரு டன்னுக்கும் குறைவு. பின்னால் தேய்ந்த ரீபில்ட் டயர் இரண்டைப் போட்டு, இரண்டாவது கியரில் கிளட்ச்சை ஒரு உதை உதைத்தால் போதும், பின்பக்கம் தானாகக் கிளம்பும். காய்ந்த தாரில் அகலமான புது டயரோடு சறுக்கத்தான் பெரிய எஞ்சின் கேட்கும். நீ எதில் ஓடப் போகிறாய் என்று எழுதவில்லையே?

மார்ச் 2, இரவு

இன்னொன்று. இங்கே பதில் போட்ட எல்லாரும் எஞ்சின் பேர் சொல்லியிருக்கிறார்கள். கியர்பொக்ஸ் பேரை ஒருவரும் எடுக்கவில்லை. உன் வண்டியில் இருப்பது கே50 பெட்டி என்றால் அதன் பெல் ஹவுசிங் (எஞ்சினோடு பூட்டும் முன்கூடு) கே வகை எஞ்சினுக்கு மட்டும்தான் உட்காரும். டொயோட்டாவின் 4ஏ-ஜீஈ எஞ்சின் என்றால் டி50 பெட்டி தேட வேண்டும். எஸ்ஆர்20 என்றால் அதோடு வரும் நிஸான் பெட்டி. பெட்டி மாறினால் புரொப் ஷாஃப்ட்டை (பின் அக்சலுக்குப் போகும் தண்டை) வெட்டி, ஒட்டி, பெலன்ஸ் பண்ண வேண்டும். லீவர் வேறு இடத்தில் வந்து நிற்கும், தரையை வெட்ட வேண்டும். அதற்குப் பிறகு பின் அக்சல். கடையில் எஞ்சின் விலையைக் கேட்டு வந்தாய் என்றால் செலவில் பாதியைத்தான் கேட்டு வந்திருக்கிறாய்.

மார்ச் 5

செம்மண் மைதானமும் எப்போதாவது ஈரத் தாரும் என்று தம்பி எழுதியிருக்கிறார். அப்படியானால் நான் முதலில் பார்ப்பது 7கே. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

கே வகை ஒரே குடும்பம். 3கே 1,166 சீசீ, 4கே 1,290, 5கே 1,486, 7கே 1,781. 4கே-யின் போர் (சிலிண்டரின் விட்டம்) 75 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 73. 5கே-யில் ஸ்ட்ரோக்கைத் தொடாமல் போரை 80.5 ஆக்கினார்கள். 7கே-யில் போர் அப்படியே, ஸ்ட்ரோக் 87.5. நீண்ட ஸ்ட்ரோக் என்பதால் கீழேயே இழுக்கும், மேலே ஓடாது. டவுன்ஏஸ், லைட்ஏஸ் வேன்களில் வந்த எஞ்சின். மேட்டில் ஆளையும் மரக்கறி மூட்டையையும் ஏற்றி இழுக்கச் செய்தது. ஊரில் எந்த பாஸுக்கும் அதைக் கழற்றிப் பூட்டத் தெரியும். கேமைச் சுற்றுவது பெல்ட் இல்லை, செயின். வால்வைத் திறக்கும் கேம் ஹெட்டில் இல்லை, கீழிருந்து கம்பி தள்ளும் புஷ்ரொட். உன்னிடம் இருக்கிற கே50 அப்படியே இருக்கலாம், புரொப் ஷாஃப்ட்டைத் தொட வேண்டாம்.

நானே ஓட்டுவது அதுதான், ஆகவே கொஞ்சம் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன். 5கே-யிலிருந்து 7கே-க்கு மாறியபோது முதலில் தெரிந்தது சத்தம். 5கே கத்தும், இது உறுமும். இரண்டாவது கியரில் 3,000 சுற்றிலேயே கால் வைத்தால் பின்பக்கம் விலகுகிறது, காலைப் பாதியில் பிடித்தால் அப்படியே நிற்கிறது. பழகுகிறவனுக்கு அந்த நிதானம் பெரிய விஷயம். 5,000-க்கு மேல் ஒன்றுமில்லை, சத்தம் மட்டும்தான் கூடும்.

வேன் எஞ்சினில் சம்ப் (அடியில் இருக்கும் ஓயில் தொட்டி), மவுண்ட், மெனிஃபோல்ட் எல்லாம் வேனுக்குத் தகுந்தபடி இருக்கும். அதனால் பழைய 4கே-யை இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதே. கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றி ஒரு பெட்டியில் போட்டு வை.

மார்ச் 6

"2சீ டீசல் போடுங்கள், எண்ணெய் மிச்சம்" என்று டொயோட்டா டீசல் எஞ்சினைச் சொல்லி எழுதிய அண்ணனுக்கு: மலைநாட்டில் 2சீ போடாத வண்டி மிச்சம் இருந்தால் காட்டுங்கள். மொரிஸிலும் பார்த்தேன், கொரோலா டீஎக்ஸ் வேகனிலும் பார்த்தேன். சறுக்குமா என்றால் சறுக்கும், தேயிலைக் கொழுந்து லொறிக்குப் பின்னால் போகும்போது.

மார்ச் 9

உயரக் கணக்குக்கு ஒரு சேர்க்கை. பதுளையிலிருந்து ஒரு ஆசிரியர் கேட்டிருக்கிறார்: குளிரையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா என்று. பார்க்க வேண்டும். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. கொழும்பில் 30 பாகை வெயிலும் நுவரெலியாவில் 16 பாகையும் என்று வைத்தால், அழுத்தத்தால் போன ஐந்தில் ஒரு பங்கில் கொஞ்சம் திரும்பி வருகிறது. மொத்த இழப்பு ஆறில் ஒரு பங்கு என்று சொல்லலாம். அதனால்தான் பனி இறங்கின காலையில் வண்டி நன்றாக இழுக்கிறது என்று நமக்குத் தோன்றுவது. பிரமை இல்லை.

காபரேட்டர் வண்டிக்கு உயரம் இன்னொரு தொல்லையும் தரும். காற்று குறைகிறது, பெற்றோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. கலவை தடித்துப்போய் பிளக் கறுக்கும், புகை வரும். கொழும்பில் ஜெட் (பெற்றோல் வரும் துளை) பார்த்த வண்டியை மேலே கொண்டுவந்தால் மெயின் ஜெட்டைச் சின்னதாக்க வேண்டும். இஞ்ஜெக்ஷன் எஞ்சினில் இந்த வேலை இல்லை, சென்சரே பார்த்துக்கொள்ளும். எனக்கு 7கே-யை இஞ்ஜெக்ஷனோடு எடுத்திருக்கலாமோ என்று தோன்றுவதும் இந்த இடத்தில்தான். 7கே-ஈ என்று வந்தது அதுதான். கிடைத்தால் வயரிங்கையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து வாங்கு, எஞ்சினை மட்டும் வாங்கினால் காபரேட்டர்தான் போட வேண்டி வரும்.

மார்ச் 16

சரி, எல்லாரும் காத்திருந்த இடத்துக்கு வருவோம். 4ஏ-ஜீஈ.

1983-ல் ஏஈ86 கொரோலாவோடு வந்தது. 1,587 சீசீ, போர் 81, ஸ்ட்ரோக் 77, இரட்டைக் கேம், 16 வால்வு, ஜப்பான் கணக்கில் 130 குதிரைத்திறன். ஜப்பானின் மலைப்பாதைகளில் பழகி வந்த கேய்ச்சி ட்சுச்சியா டிரிஃப்டை உலகத்துக்குக் காட்டியது இந்த எஞ்சின் வைத்த ஏஈ86-ல்தான். டேர்போ இல்லை. கேஈ70-க்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், இரண்டு வண்டிக்கும் வீல்பேஸ் (முன் பின் அக்சலுக்கு இடைப்பட்ட தூரம்) ஒன்று, 2,400 மில்லிமீற்றர். பின்னால் நாலு லிங்க், கொயில் ஸ்பிரிங், ஒரே வம்சம். கேஈ70-யின் உடன்பிறப்பாக 3ஏ எஞ்சின் போட்ட ஏஈ70 என்று ஒன்றும் ஜப்பானில் ஓடியது. ஏ வகை எஞ்சினுக்கு பொனட்டுக்குக் கீழே அந்த எஞ்சின் அறையில் இடம் உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

குறை? 4,500 சுற்றுக்குக் கீழே தூங்கும். டிரிஃப்டில் அதை எப்போதும் மேலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு கணம் ரெவ் (எஞ்சின் சுற்று) விழுந்தால் சறுக்கலும் விழும். மேட்டு உயரத்தில் அந்தத் தூக்கம் இன்னும் ஆழம். கையும் காலும் பழகினவனுக்கு அதுவே இன்பம். பழகாதவனுக்கு 7கே-யில் ஒரு வருஷம் ஓட்டிவிட்டு வா என்பேன்.

இன்றைக்கு இங்கே கிடைக்கிற 4ஏ-ஜீஈ அநேகமாக முன்சக்கரம் இழுக்கிற வண்டியிலிருந்து இறங்கினது. ஏஈ92, ஏஈ101. அதைத் திருப்பி நீளவாக்கில் வைக்க பின்சக்கர மவுண்ட், பெல் ஹவுசிங், டி50 பெட்டி எல்லாம் வேண்டும். எஞ்சின் மேசை மேல் இருக்கும், பெட்டிக்கு ஊர் ஊராக போன் அடிக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய சாமானுக்கு வந்த விலை, 2025-ல் இறக்குமதி திறந்த பிறகும் என் கண்ணுக்கு இறங்கினதாகத் தெரியவில்லை.

மார்ச் 17

4ஏ-ஜீஈ-யின் 20 வால்வு வகை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மூடியின் நிறத்தால் பேர் வந்த இரண்டு உண்டு. சில்வர்டொப் 1991, 160 குதிரைத்திறன். பிளக்டொப் 1995, 165. நாலு தனித் த்ரொட்டில் வாயும் சேர்ந்து உறிஞ்சும் சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிப்பது) ஹெட்டின் பின்முனையில் இருக்கிறது, நீளவாக்கில் வைத்தால் ஃபயர்வோலில் (எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில்) முட்டும். தண்ணீர் வெளியேறும் வாயும் பின்னால். ஒன்று ஃபயர்வோலை அடித்து உள்ளே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரை விட்டுவிட்டு கொயில் முறைக்குப் போக வேண்டும், அதற்கு வேறு கம்ப்யூட்டர். பிளக்டொப்பின் கம்ப்ரஷன் 11-க்கு 1. 95 ஒக்டேன் இல்லாமல் அதை ஓட்டாதே. நம்ம பக்கத்துச் சின்னப் பெற்றோல் செட்டில் 95 இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. 16 வால்வு அந்த அளவுக்கு நாக்கு நீளம் இல்லை.

மார்ச் 30

எஸ்ஆர்20-ஐ நான் வேண்டுமென்றே ஒதுக்குகிறேன் என்று புகார். ஒதுக்கவில்லை. பண்டாரவளையில் ஒரு நண்பரின் கேஈ70-யில் அது இருக்கிறது, அவர் வண்டியில் உட்கார்ந்தும் வந்திருக்கிறேன். 1,998 சீசீ, அலுமினிய புளொக், 1991-ல் சில்வியாவில் வந்தபோது 205 குதிரைத்திறன். அந்த சில்வியா பின்சக்கரம் தள்ளுகிற வண்டி, அதனால் பெட்டியும் கூடவே வரும். கேஈ70 மாதிரி எடை குறைந்த வண்டியில் அது கிளம்பும் விதமே வேறு. மூன்றாவது கியரிலும் சக்கரம் சுற்றுகிறது.

உயரத்துக்கு டேர்போ மருந்து என்பதும் முழுக்கச் சரியில்லை. டேர்போ அழுத்தத்தை அடக்கும் வேஸ்ட்கேட் வால்வின் ஸ்பிரிங், வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு அழுத்தம் என்றுதான் பார்க்கும். அரை பார் பூஸ்ட் என்றால் கொழும்பில் மொத்தம் ஒன்றரை, நுவரெலியாவில் ஒன்று தசம் மூன்று. ஆக அதற்கும் இழப்பு உண்டு, ஐந்தில் ஒரு பங்குக்குப் பதில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள். விட்டதைப் பிடிக்க பூஸ்டைக் கூட்டினால் டேர்போ இன்னும் வேகமாகச் சுற்றி இன்னும் சூடாகும்.

இனி நண்பரின் கதை. எஞ்சின் ஏறின கொஞ்ச நாளில் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பல்சக்கரம்) பல்லைக் கடித்துத் துப்பியது. ஹைலக்ஸ் அக்சலை வெட்டிப் போட்டார். அக்சல் பலமானதும் முன் பிரேக் போதவில்லை. பிரேக் மாற்ற வீல் மாற வேண்டி வந்தது. வீல் மாறினதும் டயர் அகலமானது. டயர் பிடித்ததும் சேசிஸில் ஸ்ட்ரட் டவர் பக்கம் வெடிப்பு. இப்போது ரோல் கேஜ் அடிக்கிறார். எஞ்சினைத் தவிர எல்லாவற்றையும் மாற்றியாயிற்று என்று அவரே சிரிக்கிறார். ரெவ் லிமிட்டரில் வைத்து அடித்தால் ரொக்கர் ஆம் கழன்று விழுவதற்கும் இந்த எஞ்சின் பேர் போனது, டிரிஃப்டில் லிமிட்டரில் அடிக்காமல் யார் இருக்கிறார்?

டேர்போதான் வேண்டும் என்று நிற்கிறவர்கள் நிஸானின் சீஏ18 டேர்போவையும் பாருங்கள். 1,809 சீசீ, இரும்பு புளொக், 175 குதிரைத்திறன். கேஈ70-க்கு அதுவே ஏராளம்.

டொயோட்டாவின் 1ஜேஇஸட் பற்றிக் கேட்ட தம்பிக்கு: 2,492 சீசீ, ஆறு சிலிண்டர். முன்னால் அவ்வளவு பாரத்தை ஏற்றிவிட்டு கேஈ70-ஐத் திருப்ப உனக்குத் தோள் இருக்கிறதா?

ஏப்ரல் 4

தம்பி எஞ்சின் பார்க்க கொழும்பில் பழைய சாமான் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகிறாராம். போவதற்கு முன்னால் இதைப் படி.

ஓயில் மூடியைத் திற. உள்ளே பால் தேத்தண்ணீர் நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் மூடிவிட்டு அடுத்த கடைக்குப் போ. நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார், நாலும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். கிராங்க் புலியைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பார், ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். கம்ப்ரஷன் அளக்கும் கேஜை நீயே கொண்டு போ. கடைக்காரரின் கேஜ் எப்போதும் நல்ல செய்திதான் சொல்லும். எனக்கு ஒரு கடையில் "ஜப்பானிலிருந்து நேராக வந்தது" என்று ஒரு எஞ்சினைக் காட்டினார்கள். சம்ப் போல்ட்டுக்குள் நம்மூர்ச் செம்மண் இருந்தது.

கம்ப்ரஷன் பார்க்கும்போது நாலு சிலிண்டருக்கும் இடையில் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இதில் மலைநாட்டு ஆட்களுக்கு ஒரு விஷயம்: கேஜும் உயரத்துக்கு அடங்கினதுதான். கொழும்பில் 12 கிலோ காட்டின அதே எஞ்சின் நுவரெலியாவில் ஒன்பதரைக்குப் பக்கத்தில்தான் காட்டும். எஞ்சின் கெட்டுப்போகவில்லை, காற்று குறைவு. இது தெரியாமல் மேலே கொண்டுவந்து அளந்து பார்த்து, ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவரை எனக்குத் தெரியும். மறுபக்கம், தம்பி, உன் 4கே-யை தலவாக்கலையில் அளந்தபோது புத்தகத்து எண்ணோடு ஒப்பிட்டீர்களா? மூன்றாவது சிலிண்டரில் ஒன்றுமே இல்லை என்றால் அது வேறு கதை. மற்ற மூன்றும் குறைவு என்று பாஸ் சொன்னாரே, அதை மட்டும் திரும்ப ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்.

ஏப்ரல் 20

சீசன் நேரம் என்பதால் நுவரெலியாவில் நிற்க இடமில்லை. மாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டி 1934-ல் தொடங்கினது, நம்ம மலையில் வண்டியை அடித்து ஓட்டுகிற ஆசை தாத்தா காலத்து ஆசை.

நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார்: நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் ராத்திரி பன்னிரண்டுக்குப் பிறகு வாகனம் இல்லை, அங்கே பழகலாமா என்று. கூடாது. அந்த வீதியில் பகலிலேயே பிரேக் இல்லாமல் இறங்கின வண்டிகளின் கதை எல்லாருக்கும் தெரியும். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் தேயிலை மலை, வளைவுக்கு அந்தப் பக்கம் யார் நடந்து வருகிறார் என்று தெரியாது. மூடின மைதானத்திலேயே என்ன நடக்கும் என்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் கார்ப் போட்டியில் 2024 ஏப்ரல் 21-ந் திகதி பார்த்தோம். ஓடுபாதையை விட்டு விலகின கார் பார்வையாளர் பக்கம் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். ஒரு சின்னப் பிள்ளையும் அதில். இந்த இழையில் வீதியில் ஓட்டுவது பற்றிக் கேட்டால் இனி பதில் போட மாட்டேன்.

மே 11

சூடு. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், யாரும் கேட்கவில்லை.

டிரிஃப்டில் வண்டியின் மூக்கு ஒரு பக்கம், வண்டி போவது இன்னொரு பக்கம். ரேடியேட்டருக்கு நேர்க்காற்று வராது. வேகம் 40, சுற்று 6,000. நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகை அளவில் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி நல்லதாக இருந்து 0.9 கிலோ அழுத்தத்தைப் பிடித்தால் கொதிநிலை 115 பாகைக்குப் போகும், கொழும்போடு பார்த்தால் மூன்று நாலு பாகைதான் குறைவு. மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் அத்தனையும் போச்சு. குளிர் ஊர்தானே, எஞ்சின் சுடாது என்று நினைக்கிறவர்கள்தான் இங்கே ஹெட் கேஸ்கட் அதிகம் மாற்றுகிறார்கள்.

ஆகவே எந்த எஞ்சினைப் போட்டாலும் புது மூடி, நல்ல ஃபேன், ஃபேனைச் சுற்றி இடைவெளி இல்லாத மறைப்பு. மறைப்பைத் தகரத்தில் அடிக்கலாம். எந்த லயத்துப் பக்கமும் ஒரு தகரக்காரர் இருப்பார்.

ஜூன் 1

தம்பி வாங்கிவிட்டார். ஏஈ92-லிருந்து இறங்கின 16 வால்வு 4ஏ-ஜீஈ. டி50 பெட்டி கண்டியில் கிடைத்ததாம். நான் 7கே என்று தொண்டை கிழியக் கத்தினதற்கு இதுதான் பலன். சரி, அவர் வண்டி. பெட்டி கையில் கிடைத்த பிறகு எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார், அந்த மட்டும் சந்தோஷம்.

பத்திரம் பற்றி: பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது. எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிய வேண்டும், சீசீயும் மாறுகிறது. வாங்கின பற்றுச்சீட்டை, அதில் எஞ்சின் இலக்கம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, பத்திரமாக வை. மைதானத்தில் மட்டும்தானே ஓடுகிறேன் என்று விட்டுவிடாதே. மைதானத்துக்கு வண்டி வீதி வழியாகத்தான் போகும். வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழும் கேட்பார்கள். இஞ்ஜெக்ஷன் எஞ்சின் என்பதால் அதில் உனக்குக் கஷ்டம் இருக்காது, காபரேட்டர்காரன் நான்தான் ஒவ்வொரு வருஷமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஜூன் 22

தம்பியின் கராஜுக்குப் போய் வந்தேன். எஞ்சினை இன்னும் பூட்டவில்லை, எஞ்சின் அறையில் இறக்கி மரக்கட்டை மேல் நிறுத்தியிருந்தார்கள். பொனட் மூடுகிறது. பிரச்சினை கீழே. அவர் வண்டியில் ரேக் (பல்லுள்ள கம்பியால் சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங்) இல்லை, பழைய ஸ்டீயரிங் பொக்ஸும் குறுக்கே ஓடும் கம்பியும். ஏஈ86-ல் ரேக். பாஸ் நல்ல மூளைக்காரர். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருண்டையாக்கி சம்பின் அடியில் மூன்று இடத்தில் ஒட்டிவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரம் வரை மெதுவாகத் திருப்பச் சொன்னார். பிறகு உருண்டைகளைப் பிய்த்து எடுத்து பிளேடால் நடுவில் வெட்டி ஸ்கேல் வைத்து அளந்தார். இரண்டில் விரல் தடிப்புக்கு இடம் இருந்தது. மூன்றாவதில் களிமண் காகிதம் போல நசுங்கியிருந்தது. எஞ்சின் மவுண்டில் அசையும்போது அந்த இடம் இடிக்கும்.

இரண்டு வழி. சம்பை வெட்டி அந்த மூலையை உள்ளே தள்ளி வெல்டிங் பண்ணலாம், அல்லது ஏஈ86 கிராஸ்மெம்பரும் (எஞ்சினுக்குக் கீழே குறுக்கே வரும் சட்டம்) ரேக்கும் தேடலாம். நான் இரண்டாவதைச் சொன்னேன். டிரிஃப்டுக்கு ஸ்டீயரிங் சட்டென்று எதிர்ப்பக்கம் வர வேண்டும், ரேக் அதற்கு நல்லது. பாஸ் முதலாவதைச் சொன்னார். ரேக் வரும் வரை வண்டி கட்டையில் கிடக்க வேண்டாம் என்பது அவர் நியாயம். பாஸ் சொன்னதுதான் நடக்கும், ஏனென்றால் வெல்டிங் மெஷின் அவருடையது. எப்படியும் சம்பை வெட்டத்தானே போகிறீர்கள், உள்ளே தடுப்புத் தகடும் சேர்த்து வையுங்கள் என்றேன். நீண்ட வளைவில் வண்டி பக்கவாட்டாக நிற்கும்போது ஓயில் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சும். பேரிங் போகிற வழி அதுதான்.

ஆகஸ்ட் 3

வண்டி ஓடுகிறது. மைதானத்தில் மழைக்குப் பிறகு பார்த்தேன். தம்பி ரெவ்வை விட்டுவிடுகிறார், பாதி வளைவில் வண்டி நிமிர்ந்துகொள்கிறது. 4,500-க்குக் கீழே தூங்கும் என்று மார்ச்சில் எழுதினது இதைத்தான். இரண்டாவது கியரிலேயே இரு, மூன்றாவதை மறந்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். டிஃபரன்ஷியலை வெல்டிங் பண்ணி ஓட்டுகிறார், மைதானத்துக்கு அது சரி. வீதியில் திருப்பும்போது உள் டயர் இழுபட்டுக் கத்தும், அக்சலும் நாளாவட்டத்தில் முறுக்கும். கையில் காசு வந்ததும் எல்எஸ்டி (லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) பார்க்கட்டும்.

என் மனதிலும் ஒரு சின்ன மாற்றம். 7கே-தான் முதல் எஞ்சின் என்பதில் இன்னும் நிற்கிறேன். ஆனால் அந்த 4ஏ-ஜீஈ 7,000-ல் பாடும்போது என் வண்டியின் கதவைத் திறந்து உட்காரக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 5

"டீஎக்ஸ் வேகனுக்கும் இதே பதில்தானா?" என்று வெலிமடையிலிருந்து கேள்வி. இல்லை. செடானுக்குப் பின்னால் கொயில் ஸ்பிரிங், வேகனுக்கு லீஃப் ஸ்பிரிங். கிளட்ச்சை உதைக்கும்போது லீஃப் முறுக்கி அக்சல் துள்ளும், சறுக்கல் வெட்டி வெட்டி வரும். எஞ்சினுக்குச் செலவழிக்கும் முன்னால் அக்சல் முறுக்காமல் இருக்க ஒரு கம்பி அடிக்க வேண்டும், ஷொக் மாற்ற வேண்டும். அதை முதலில் செய்து, இருக்கிற 5கே-யோடு ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். கரட், கோவா ஏற்றும் வேலையையும் அதே வண்டிதான் செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் டிஃபரன்ஷியலை மட்டும் வெல்டிங் பண்ண வேண்டாம்.